கிணற்றைச் சுற்றி இரும்பு

புல்லில் கிடத்தி வைத்திருந்த கருவி தானாகக் கத்தியது.

ஆர்டிஸ் அப்போதுதான் காபிக் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மாலையாகத் தொங்கிய ஹெட்போனிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. வெள்ளிக்கென்றே உள்ள உயர்ந்த சுருதி அது. ஒரு தரம் ஒலித்து அடங்கியது. பிறகு இன்னொரு தரம்.

மண்ணுக்குள் உலோகம் தேடும் இந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. அதன் அடித்தட்டைத் தரையோரமாக ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் வாயைத் திறக்கும். ஆட்டுவதை நிறுத்திவிட்டால் கீழே அண்டா நிறைய வெள்ளி இருந்தாலும் ஊமைதான். ஒன்று தட்டு அசைய வேண்டும், இல்லை மண்ணுக்குள் இருப்பது அசைய வேண்டும். தட்டு அசையவில்லை என்பதை அவள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த எலி வெள்ளி போட்டுக்கிட்டுத் திரியுதாம்," என்று கருவியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காபியை ஊற்றினாள்.

அக்டோபர் மாதத்து டகோட்டாச் சமவெளிக் காற்று அறுவடை முடிந்த கோதுமைத் தாள்களை உரசிக்கொண்டு வந்து, வண்ணம் உதிர்ந்து சாம்பல் நிறமாகிப்போன வீட்டின் பலகைகளுக்குள் நுழைந்து, மாடி ஜன்னலில் மிச்சமிருந்த ஒரே ஒரு கண்ணாடியைக் கிடுகிடுக்க வைத்துவிட்டுப் போனது. நாளைக் காலையில் இந்த வீட்டுக்குத் தீ வைக்கப் போகிறார்கள். எரிந்தது போக மீந்ததைப் புல்டோசரால் பழைய கிணற்றுக்குள் தள்ளி, மேலே மண் போட்டு உழுதுவிடுவார்கள். நிலத்தை விற்றது அவளுடைய அண்ணன் வெர்லின். விற்றபோது அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் இங்கே தேட வந்தது பழைய காசுகளையோ பதக்கங்களையோ இல்லை. அம்மாவைத்தான் தேடினாள்.

சோல்வெய்க் என்று பெயர். ஆர்டிஸ் நடை பழகி முடித்த வயதில் அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்பது ஊர்ப் பேச்சு. விதை விற்க வந்த ஒருவனோடு மேற்கே ஸ்போகேன் பக்கம் ஓடிவிட்டாள், ஒரு துரும்பு விடாமல் எடுத்துக்கொண்டு போனாள் என்று அப்பா சாகும்வரை சொன்னார். தேவாலயத்தில் காபிக்கு உட்கார்ந்தால் ஆர்டிஸின் பக்கத்து நாற்காலியில் பேச்சு தணியும். ஓடிப்போனவளின் பெண் என்ற பட்டத்தோடு பள்ளிக்கூடம் போய், கல்யாணம் செய்து, புருஷனைப் புதைத்து, தலையும் நரைத்துவிட்டது. அம்மாவைப் பற்றி அவளுக்கு இருந்த ஞாபகம் ஒன்றே ஒன்று. தைக்கும்போது ஊசி குத்தாமல் விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் வெள்ளிக் குப்பி ஒன்று அம்மாவிடம் இருந்தது. அதைக் கழற்றாமலே அம்மா ஜன்னல் கண்ணாடியில் தட்டுவாள். டிக், டிக், டிக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் சிரிப்பு தெரியும்.

அப்படித் தட்டிக் கூப்பிட்டவள் விட்டுவிட்டு ஓடமாட்டாள். அம்மாவின் சாமான் ஒன்றாவது இந்த மண்ணில் கிடைத்தால் போதும், ஊர் வாயை அடைத்துவிடலாம் என்று வருஷக்கணக்காகத் தோண்டினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்றைக்குக் கடைசி நாள். அதனால் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். பாழடைந்த வீடுகளைச் சுற்றி ஆணியும் கம்பியும் அள்ளிக் கொட்டிக் கிடக்கும் என்பதால், தேடுகிறவர்கள் எல்லாருமே இரும்பைக் கண்டால் பேசாதே என்று கருவிக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். இத்தனை வருஷமும் அவளும் அப்படித்தான் வைத்திருந்தாள். காலையில் அந்தத் தடையை எடுத்துவிட்டாள். பலகை போட்டு மூடிய கிணற்றைச் சுற்றி நடந்தபோது இரும்பு உறுமியது. ஒரு அடி தள்ளி மறுபடி. இன்னும் ஒரு அடி தள்ளி மறுபடி. கிணற்றை வளைத்து ஒரு முழு வட்டம்.

தோண்டினால், மண்கட்டி உடைக்கும் பலுகின் இரும்புப் பற்கள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். தலை மண்ணில் மறையும்வரை சம்மட்டியால் அடித்திருந்தார்கள். எல்லா முனையும் கிணற்றைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

அப்பாவின் கிறுக்குத்தனங்களில் ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். தேடுகிறவர்களுக்கு இரண்டு ஒழுங்கு உண்டு: தோண்டிய குப்பையைக் குழியிலேயே போட்டுவிட்டு வரக்கூடாது, தோண்டிய இடம் தெரியக்கூடாது. ஆர்டிஸ் இரண்டிலும் கறார். பற்களை எல்லாம் பிடுங்கி வாளியில் போட்டு வண்டிக்குக் கொண்டுபோனாள். குழிகளை மூடி, வெட்டியெடுத்த புல்லைப் பழையபடி பதித்து மிதித்துவிட்டாள். பார்க்கிறவனுக்கு அங்கே கை பட்டதே தெரியாது.

இப்போது கருவி மறுபடி கத்தியது.

காபியை வைத்துவிட்டு எழுந்து, ஹெட்போனைக் காதில் மாட்டி, தட்டைக் கிணற்றோரம் பிடித்தாள். வெள்ளி. ஆழத்தில். நகராமல் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் தேய்ந்தது. அரையடி வலப்பக்கம் வைத்தாள். அங்கே இருந்தது. கருவியின் திரையில் அதே எண், காதில் அதே சுருதி. அங்கிருந்தும் நழுவியது. கிணற்றிலிருந்து வந்த ஈர மண் வாடையில், பல நாள் பெட்டியில் மடித்து வைத்த கம்பளித் துணியின் நெடி கலந்திருந்தது.

போன் வேலை செய்வது வண்டிப் பக்கம் மட்டும்தான். போய் வெர்லினைக் கூப்பிட்டாள். அவன் வீட்டு டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கெணத்தச் சுத்தி பலுகுப் பல்ல அடிச்சு வச்சது யாரு?"

டிவிச் சத்தம் நின்றது.

"எதையாவது எடுத்தியா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேன். வண்டியில கெடக்கு."

"ஆர்டி, நான் சொல்றத கேளு. எடுத்த எடத்துலயே திருப்பி அடிச்சிரு. பொழுது சாயறதுக்குள்ள."

"அம்மா எங்கண்ணே?"

"கெணத்துல," என்றான்.

"அப்பா தள்ளிவிட்டாரா?"

"சேச்சே. தண்ணி எறைக்கப் போச்சு, பனியில வழுக்கிருச்சு. நாங்க மேல தூக்கும்போதே உசிரு இல்ல. அப்ப நடு ஜனவரி, தரை பாறையா கெடக்கு, கடப்பாரை எறங்கல. தரை எளகுனதும் பொதைக்கலாம்னு கொட்டாயில கெடத்தி வச்சோம். அப்பல்லாம் அதான வழக்கம்."

"சரி."

"மறுநாள் பாத்தா கொட்டாயி காலி. அப்பா தேடிப் போனாரு. கெணத்துக்குள்ள இருந்துச்சு. நின்னுக்கிட்டு இருந்துச்சு ஆர்டி. மேல பாத்துக்கிட்டு."

ஆர்டிஸ் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பொழுது போனா மேல ஏறி வந்துரும். உன்னத் தேடித்தான் வரும். அதான் இரும்ப அடிச்சுத் தடுத்தோம். கண்ணாடியில தட்டும்பியே, அம்மா முத்தத்துலேர்ந்து வெளயாடக் கூப்புட்டுச்சும்பியே. அதக் கேக்கறப்பல்லாம் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா?"

"ஏன்?"

"உன் கட்டிலு மாடியிலதான கெடந்துச்சு."

அவள் தலை தானாக நிமிர்ந்தது. வெறும் சுவர். ஏறி நிற்க ஒரு படியோ, பிடித்துக்கொள்ள ஒரு கொடியோ இல்லாத பலகைச் சுவர். அதன் உச்சியில் அந்த ஜன்னல். அவளுடைய ஒரே ஞாபகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்த முகம். உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்தப் பயத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. பயத்தைவிடப் பெரிய கோபம்.

"ஊரே எங்கம்மாவ ஓடுகாலின்னு சொல்லுச்சு. நீ காபி குடிச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தே."

"உன்னக் காப்பாத்தறதுக்குத்தான்..."

"செத்தும் எம்பொண்ணுன்னு தேடி வந்திருக்கா. அவள ஆணி அடிச்சு வச்சிருக்கீங்க ரெண்டு ஆம்பளைங்களும்."

"நீ அந்த மொகத்தப் பாக்கல. நான் பாத்தேன். இரு, வண்டிய எடுத்துட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன். நீ உள்ள ஏறிக் கதவப் பூட்டிக்க."

போனை வண்டிக்குள் எறிந்தாள். வாளியில் இரும்புப் பற்கள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். கனமாக, பனிக்கட்டியாய்க் குளிர்ந்து கிடந்தது. சம்மட்டியும் பக்கத்தில்தான் இருந்தது. வெளிச்சமும் இன்னும் இருந்தது. திருப்பி அடித்துவிட்டால் நாளைக்கு எல்லாம் சாம்பலும் மண்ணுமாக மூடிப்போகும், அம்மா ஓடிப்போனவளாகவே இருந்துவிடுவாள். பல்லை வாளிக்குள் வீசினாள். ணங்கென்ற சத்தம் வயலைத் தாண்டிப் போனது. வண்டியைப் பூட்டினாள், தான் வெளியே நின்றுகொண்டு.

"வரட்டும். என்னதான் பண்ணிடுவா பாக்கலாம்," என்று உரக்கவே சொன்னாள்.

சூரியன் தாள்களுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றருகே போய்த் தட்டை மண்ணில் வைத்தாள். காத்திருந்ததுபோல உடனே ஒலித்தது. இப்போது ஆழத்தில் இல்லை. மண்வெட்டி எட்டும் ஆழம். கிணற்றை விட்டு விலகி, வட்டம் இருந்த இடத்தைத் தயக்கமில்லாமல் தாண்டி, வீட்டைப் பார்த்து நகர்ந்தது. அவளும் கூடவே நடந்தாள். காற்று விழுந்துவிட்டது. தாள்கள் உரசவில்லை. காதுக்குள் அந்தச் சுருதி மட்டும், ஒவ்வோர் அடிக்கும் மேலே, இன்னும் மேலே. புல்வேருக்குக் கீழே. புல்லுக்குக் கீழே.

மாடி ஜன்னலுக்கு நேர் கீழே சத்தம் நின்றது.

தட்டை ஆட்டினாள். இல்லை. சுற்றிலும் ஆட்டினாள். ஊமை. ஜன்னலிலிருந்து அம்மாவின் சாமான் ஏதாவது விழுந்திருக்கும் என்று வருஷக்கணக்காக அவள் தோண்டித் தோண்டி மூடிய இடம் அது. மேலே புல் பச்சையாக, ஒழுங்காக இருந்தது. அடியில் மண் பொலபொலவென்று கிடந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

டிக்.

தலைக்கு மேலே.

டிக். டிக்.

அந்த ஒரே கண்ணாடியில். காற்று இல்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. ஓடு என்று உடம்பில் இருந்த எலும்பெல்லாம் சொன்னது.

ஓடவில்லை.

"அம்மா," என்றாள். "அங்க இல்லம்மா. நான் இங்க கீழ இருக்கேன்."

தட்டுவது நின்றது.

மேலே ஒரு பலகை முனகியது. அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே ஒன்று. தலைகீழாக எதுவோ இறங்குகிறது. துருப்பிடித்த ஆணிகள் கிறீச்சிட்டன. கம்பளி நெடி. ஈரம். முதுகுக்குப் பின்னால், மூச்சே இல்லாத ஒரு நிற்றல்.

அவளுடைய இடுப்பருகே ஒரு கை வந்தது. தொடவில்லை. காற்றில் தடவியது, ஒரு சின்னக் குழந்தையின் தலை இருக்கவேண்டிய உயரத்தில். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். அங்கே ஒருவரும் இல்லை. கை நின்றது. அவளுடைய சட்டையில் பட்டது. விலா. தோள். கன்னம். நரைத்த முடி. உச்சந்தலையில் அகலமான உள்ளங்கை படிந்தது. நெற்றிக்கு மேலே வெள்ளிக் குப்பியின் குளிர்.

ஆர்டிஸுக்கு அழுகை வந்தது. "நான்தாம்மா. பெரியவளாயிட்டேன்."

கை யோசித்தது.

பிறகு அழுத்தியது.

மெதுவாக. அன்பாகத்தான். குதிகால் மண்ணுக்குள் இறங்கியது. கணுக்கால். அவள் கையாலேயே தோண்டி, அவள் கையாலேயே மூடிய மண், தண்ணீர்போல வழி விட்டது. முழங்கால். அவள் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பற்றினாள். தள்ளிவிடுவதற்குப் பற்றவில்லை. யாரும் இனி இதைப் பிரிக்கக்கூடாது என்று பற்றினாள். தொடை. கை இன்னும் அழுத்தியது.

சாலைத் திருப்பத்தில் வெர்லினுடைய வண்டியின் விளக்கு திரும்பி, வயலைத் துழாவிக்கொண்டு வந்து வீட்டின் மேல் விழுந்தது. எதிரே சாம்பல் நிறப் பலகையில் இரண்டு நிழல்கள் தெரிந்தன. ஒன்று கூரைவரை நீண்டு, குனிந்து நின்றது. அதன் கைக்குக் கீழே, அதன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, நடை பழகி முடித்த ஒரு குழந்தையின் உயரத்தில் ஆர்டிஸ்.