மெழுகு அடைத்த துளைகள்

நேற்று அடைத்த கீறல்கள் மறுபடியும் திறந்திருந்தன.

டாரல் குனிந்து பார்த்தான். அலமாரிக் கதவின் உட்புறம், அவன் இடுப்புயரத்தில், பக்கம் பக்கமாக நான்கு கோடுகள். திங்களன்று அவற்றில் பழுப்பு மெழுகை உருக்கி ஊற்றி, ஆறவைத்து, அட்டையால் சுரண்டி, இரும்பு நாரால் தேய்த்து, தேன்மெழுகின் இனிப்பு வாடை அறை முழுக்க ஏறி மூக்கு அடைத்துக்கொள்ளும்வரை மெருகேற்றியிருந்தான். இப்போது அந்த மெழுகு அலமாரியின் அடிப்பலகையில் சுருள் சுருளாகக் கிடந்தது.

"மட்டமான சரக்கு," என்றான். கடைக்காரனையும் சேர்த்துத் திட்டினான்.

வெள்ளிக்கிழமை பிப்பா வருகிறாள். ஏழு வயது. பிரிந்தபின் அப்பா வீட்டில் அவள் தங்கப்போகும் முதல் வார இறுதி. அவள் அம்மா கெரின் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: "அவளுக்குன்னு ஒழுங்கா ஒரு ரூம் இருக்கணும் டாரல். நான் வந்து பாப்பேன். குப்பையா இருந்தா அப்படியே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அலமாரி குப்பையிலிருந்து வந்ததுதான். ஜீலாங் நகரில் அது நகராட்சி பெரிய சாமான்களை அள்ளும் வாரம். வேண்டாததை வீட்டுக்கு முன்னால் புல்லில் வைத்துவிடுவார்கள், வேண்டியவர் எடுத்துப்போவார். ஏன் வைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அவனும் கேட்கவில்லை. நல்ல சில்வர் ஓக் மரம். கதவை மட்டும் நான்கு திருகாணிகளால் சட்டத்தோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். அவனுக்கு அது விசித்திரமாகப் படவில்லை. தெருவில் வைக்கும் ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றிவிட வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், குழந்தைகள் உள்ளே போய் மாட்டிக்கொள்வார்கள் என்று. இவர்கள் கழற்றுவதற்குப் பதில் முடுக்கியிருக்கிறார்கள். பொறுப்பானவர்கள் என்று நினைத்தான்.

திருகாணிகளைக் கழற்றி ஜாம் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்தான். முதலில் அடைத்தது அந்த நான்கு துளைகளைத்தான். அவற்றின் மெழுகு மட்டும் அசையவில்லை.

புதன்கிழமை கீறல்கள் நீண்டிருந்தன. கதவின் விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கத்துக்கு வந்திருந்தன. டாரல் வேலைக்குப் போகவில்லை. ஆழமில்லாத கோடுகளில் வால்நட் பருப்பை உரசி, அதன் எண்ணெயால் மறைத்தான். பள்ளமான இடத்தில் மரம் உப்பி மேலெழ ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தினான். நீராவி சீறியது. நனைந்த மரத்திலிருந்து மர வாடை வரவில்லை. நெடுநேரம் மூடிய அறையில் யாரோ மூச்சுவிட்ட வாடை.

துணியை உதறி வெளியே காயப்போட்டான்.

பக்கத்து வீட்டு நோலீன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னும் அந்தக் கதவோடதான் மல்லுக்கட்டுறியா? பொண்டாட்டியை இவ்வளவு கவனிச்சிருந்தா அவ போயே இருக்க மாட்டா."

"வாய மூடிக்கிட்டுப் போங்க நோலீன்."

"கோவப்படாத கண்ணு. பேசாம வெளிய தூக்கி வை. எவனாவது எடுத்துட்டுப் போவான்."

"லாரி காலைலயே போயிடுச்சு."

"அப்ப எலியா இருக்கும். பொறி தரவா?"

எலி. அந்த விளக்கம் அவனுக்குப் பிடித்திருந்தது. பொறியை வாங்கி அலமாரிக்குள் வைத்தான்.

வியாழக்கிழமை பொறி அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் இருந்தது. விழவில்லை. பாலாடைக்கட்டி அப்படியே இருந்தது. அறைக்கதவின் கீழ்ப்பாதியில் புதிதாக நான்கு கோடுகள். அவன் அவற்றை உற்றுப் பார்க்கவில்லை. மெழுகை உருக்கினான். கையைச் சுட்டுக்கொண்டான். கெட்டவார்த்தை சொன்னான். மறுபடி உருக்கினான். ஒரு நாள். இன்னும் ஒரே ஒரு நாள் தாங்கினால் போதும். வேறு எதையும் அவன் நினைக்க மறுத்தான்.

வெள்ளி மாலை நான்கு மணிக்குக் கார் வந்தது. சுள்ளென்ற வெயில். அறை பளபளத்தது. ஒரு கோடு இல்லை.

"எது என் ரூம்?" பிப்பா பையை வாசலிலேயே போட்டாள்.

"வலது பக்கம் செல்லம்."

ஓடினாள். கெரின் வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினாள். "என்ன இப்படி நாறுது? எதையோ மறைச்ச மாதிரி."

"மெழுகு. கீறலை அடைச்சேன்."

"நீயா? கல்யாணமாகி இருந்த வரைக்கும் ஒரு பல்பு மாத்தினதில்ல." ஆனால் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பின்.

உள்ளிருந்து பிப்பா கத்தினாள். "அப்பா! இதுக்குள்ள நான் நிக்கலாம்!"

ஒரு கதவு மூடும் சத்தம். மெல்ல.

டாரல் நடந்தான். பிறகு ஓடினான்.

அறை காலி. கட்டிலருகே ஒரு நீலச் செருப்பு. அலமாரி மூடியிருந்தது. கைப்பிடியை இழுத்தான். வரவில்லை.

"பிப்பா, விளையாடாத. கதவை விடு."

"நான் பிடிக்கலப்பா."

இரண்டு கையாலும் இழுத்தான். காலை ஊன்றி இழுத்தான். கதவு சட்டத்தோடு ஒட்டியிருந்தது.

"அப்பா, இங்க இருட்டா இருக்கு. தள்ளி நிக்கச் சொல்லு."

"யாரை?"



காலடியில் ஏதோ விழுந்தது. சின்னப் பழுப்பு மெழுகுத் துண்டு. கதவின் மேல் திருகாணித் துளை திறந்திருந்தது. அதற்குள் ஒரு மினுக்கம்.

ஜன்னலைப் பார்த்தான். ஜாம் பாட்டில் இருந்தது. மூடி இறுகியிருந்தது. உள்ளே ஒரு திருகாணியும் இல்லை.

மினுக்கம் நகர்ந்தது. திருகாணியின் கூர்முனை. உள்ளிருந்து அவனை நோக்கி, சுற்றிச் சுற்றி வெளியே வந்தது. நின்றது.

இரண்டாவது துண்டு விழுந்தது.

"என்ன பண்றா அவ?" தாழ்வாரத்தில் கெரினின் குரல். "ரூம் பிடிச்சிருக்காமா?"

மூன்றாவது.

டாரல் கட்டைவிரலை நான்காவது துளையின்மேல் வைத்து, உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினான். மெழுகு இளஞ்சூடாக இருந்தது. விரலுக்கடியில் திருகாணி, பொறுமையாக, திரும்பத் தொடங்கியது.