தலை திரும்பிய பிள்ளை

ரோமொகெ லாகோஸிலிருந்து வந்து மாமியார் வீட்டு வாசலில் இறங்கியபோது தெருவே வெளியில் நின்றது. வேலையற்ற தெரு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லோருக்கும் வேலை இருந்தது. நிறைமாத வயிறு ஒன்று டாக்ஸிக் கதவு வழியாக எப்படி வெளியே வருகிறது என்று பார்ப்பதைவிட முக்கியமான வேலைதான் யாருக்கும் இல்லை.

இலேஷா ஊரின் அந்தப் பக்கத்தில் வீடுகள் ஒரே அச்சு. சிவந்த மண்சுவர், துருவேறிய தகரக்கூரை, நடுவே இருண்ட நீளமான நடை, இரு பக்கமும் அறைகள், அறைக்கொரு திரைச்சீலை. வாசலில் மாமனாரின் சமாதி. அதன் சிமெண்டு மேடையில், எதிர் அறையில் குடியிருக்கும் சிகிராத் அம்மா மிளகாய் காயப்போட்டிருந்தாள். இருந்த காலத்தில் அவருக்கு உறைப்பு பிடிக்கும் என்பது அவள் வாதம்.

"வயிறு இன்னும் இறங்கலையே," என்றாள் சிகிராத் அம்மா, பெட்டிக்குக் கை கொடுக்காமலே. "உள்ளே இருக்கிறவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாரா?"

"உன் வாயில மிளகாயை வைக்க!" என்றாள் மாமியார். "என் மருமக வேதத்துல வர்ற எபிரெயப் பொம்பளைங்க மாதிரி நோகாம பெத்துப் போடுவா. கத்தி அவ பக்கமே வராது."

ரோமொகெ சிரித்துவைத்தாள். முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்ததிலிருந்து அவளுக்குச் சிரிப்பு என்பது விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் தட்டு மாதிரி, தனக்கென்று எடுப்பதில்லை. இந்தப் பிள்ளை அழுதுகொண்டு பிறக்க வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

மாமியாருக்குக் கூடுதலாக இன்னொன்று வேண்டும். அந்த வீட்டு ரத்தத்தில் பிறந்த எல்லோருக்கும் காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டியிருக்கும். மாமனாருக்கு அப்படி, அவர் பெற்ற நால்வருக்கும் அப்படி, லாகோஸ் துறைமுகத்தில் லீவு கிடைக்காமல் கிடக்கும் ரோமொகெயின் கணவன் கோலாடேவுக்கும் அப்படி. செருப்புக்கடைக்காரன் காலைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவான். "எங்க வீட்டு முத்திரை" என்பாள் மாமியார். குத்தியவள் தானே என்பது போல இருக்கும் அந்தப் பெருமை.

ஸ்கேனுக்குப் போக வேண்டிய நாள், மாமியார் சந்தைக்குக் கிளம்புமுன் மருமகளின் இடுப்புத்துணி முனையில் ஊக்கு ஒன்றைக் குத்திவிட்டாள்.

"உச்சி வெயில்ல நடக்காதே. நடந்தாலும் இது உன் மேலேயே இருக்கட்டும். அந்த நேரத்துல ரோட்டுல போறதெல்லாம் மனுசங்கன்னு நினைக்காதே. வீடில்லாதது நிறைய அலையும். உன் வயிறு அதுங்களுக்கு ஒரு வீடு."

"சரிம்மா."

ஊக்கு விஷயத்தில் பட்டணத்துப் பெண்களும் வாயைத் திறப்பதில்லை. சிரித்துக்கொண்டே குத்திக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரியில், துணியைத் தளர்த்தச் சொன்னார்கள். ஊக்கைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தாள். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: தலை மேலே, கால் கீழே. இன்னும் ஒரு வாரத்தில் திரும்பாவிட்டால் ஆபரேஷன். பிள்ளையைத் திருப்ப நர்ஸ் ஒரு பயிற்சி சொல்லித் தருவாள். முழங்காலையும் மார்பையும் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு, வயிறு காலியாக இருக்கும் வேளையில் செய்ய வேண்டும்.

ரோமொகெ வெளியே வந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. நடந்தாள். பாதி வழியில்தான் தன் நிழலைத் தேடினாள். அது காலடியில் சுருண்டு கிடந்தது. இடுப்புத் துணியைத் தொட்டாள்.

ஊக்கு இல்லை.

சாலையிலும் ஆளில்லை. கடைகளெல்லாம் பாதிக் கதவு சாத்திக் கிடந்தன. பின்னால் எங்கோ, செருப்பில்லாத சின்னக் கால்கள் மண்ணில் ஓடுகிற சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "ஊக்கு எங்கே?"

"இருக்கும்மா. உள்துணியில குத்தியிருக்கேன்."

சின்னப் பொய். கால் கீழே இருக்கிற செய்திதான் பெரிதாக இருந்தது. அதற்குப் பின்னால் பொய் ஒளிந்துகொண்டது.

"கால் முதல்ல வந்தா பேர் இகே," என்றாள் சிகிராத் அம்மா, உடனே ஆறுதல் சொல்கிற முகத்தோடு. "வானத்துலயிருந்தே கொண்டு வர்ற பேரு. நீங்க யோசிக்கிற வேலையே மிச்சம்." பிறகு திரைச்சீலை வழியாகத் தலையை நீட்டி வயிற்றைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "இகே! டேய் இகே!"

வயிற்றின் அடியில் ஓர் உதை விழுந்தது. பதில் சொல்வது போல. பயத்தையும் மறந்து ரோமொகெக்குச் சிரிப்பு வந்தது, நிஜச் சிரிப்பு.

மறுநாள் மதியம், வீடு காலியாகும் நேரம். பாய் விரித்து, முழங்காலிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துக் குனிந்தாள். சிகிராத் அம்மா சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மருமகளே, எங்க ஆளுங்க தொழுகையிலகூட இவ்வளவு நேரம் குனிய மாட்டாங்களே!"

"போங்கக்கா, சிரிக்க வைக்காதீங்க. விழுந்துடுவேன்."

அவள் போனாள். தகரக்கூரை வெயிலில் டிக் டிக் என்று நெளிந்தது. மிளகாய் நெடி. அதற்குள்ளே இன்னொரு வாசனை, முதல் மழை பட்ட மண் மாதிரி. வறட்டுக் காற்றுக் காலம். மழை பெய்து மாதங்களாகிவிட்டன.

கன்னம் தரையில் இருந்ததால், திரைச்சீலையின் கீழ் விளிம்புக்கும் வாசற்படிக்கும் நடுவே இருந்த சந்து அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

அங்கே இரண்டு கால்கள் நின்றன.

சின்னக் கால்கள். செம்மண் அப்பியவை. ஐந்து விரல்களும் விசிறி மாதிரி தனித்தனியே விரிந்திருந்தன.

"யாரு?"

எழுந்து திரையை விலக்குவதற்குள் நடை காலி. தெருப் பிள்ளைகள்தான் என்று சொல்லிக்கொண்டாள். அன்று மாலை தெருவிலிருந்த அத்தனை பிள்ளைகளின் காலையும் பார்த்தாள். சிகிராத் அம்மாவின் காலையும் பார்த்தாள். மாமியார் வேண்டுமென்றே யாரையாவது அனுப்பி வேவு பார்க்கிறாளோ என்றும் நினைத்தாள்.

அடுத்த மதியம் கால்கள் திரைக்கு இந்தப் பக்கம் நின்றன.

திரை அசையவே இல்லை.

பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் ஆபரேஷன் தேதி நெருங்கியது, மூச்சில்லாத முகம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. மறுநாளும் முழங்காலிட்டாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

ஈரமண் வாசனை பக்கத்தில் வந்தது.

பாய் ஓரம் லேசாக அழுந்தியது.

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. ஒருமுறை, இருமுறை, பிறகு நிறுத்தாமல், கதவைத் தட்டுகிற மாதிரி. பின் முழு வயிறும் ஒரு பக்கமாகப் புரண்டது. ரோமொகெ கத்தினாள்.

கண்ணைத் திறந்தபோது அறையில் யாரும் இல்லை. வயிறு அமைதியாக, கீழே இறங்கி இருந்தது.

"தலை திரும்பிடுச்சு!" என்றாள் நர்ஸ். மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கை தட்டி ஆடினாள். ரோமொகெ மட்டும் வயிற்றின் மேல் கையை வைத்து, வாயை அசைக்காமல், "இகே," என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

ஓர் அசைவும் இல்லை. உள்ளே இருப்பது காது கொடுத்துக் கேட்கிறது, ஆனால் அது தன் பெயரில்லை என்பது போல ஓர் அமைதி.

பிள்ளை தலை முதலில் வந்தது. ஆண். உரக்க அழுதது. அவள் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான். அதனால் அவளால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் செய்த முதல் வேலை, கம்பளிக் காலுறையை உருவியது. இடது காலைப் பார்த்தாள். வலது காலைப் பார்த்தாள். விரல் விரலாக விலக்கிப் பார்த்தாள். பத்தும் தனித்தனி.

"லாகோஸ்ல கூட்டம் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க," என்றாள் கடைசியில். "வீட்டுக்குள்ளேயும் கூட்டமோ?"

"அம்மா! ஆண்டவர் மேல சத்தியமா..."

"சத்தியம் கேட்கலை. விரல் எங்கேன்னு கேட்கிறேன்."

சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சிகிராத் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. மிளகாயைப் புரட்டும்போது பெருமூச்சு மட்டும் விட்டாள், அது போதும். எட்டாம் நாள் பெயர் சூட்டினார்கள். கோலாடே ஒரு நாள் லீவில் வந்து, தன் காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். பெயர் சூட்டும் சடங்கில் நாக்கில் வைத்த தேனைப் பிள்ளை துப்பியது. உப்பையும் துப்பியது.

விருந்தாளிகள் போனபின் மாமியார் மருமகளின் எதிரே வந்து நின்றாள். குரலில் கோபம் இல்லை.

"உண்மையைச் சொல்லு. அன்னைக்கு ஊக்கு இருந்ததா?"

இல்லை என்றால் கையில் இருப்பது யார் என்ற கேள்வி வரும். ரோமொகெயின் மார்பில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"இருந்ததும்மா."

மாமியார் நம்பவில்லை. தன் துணியிலிருந்து ஊக்கைக் கழற்றி, திரைச்சீலையின் விளிம்பில் குத்தி அழுத்தினாள். "சரி. இனிமே எதுவும் இந்த அறைக்குள்ள நுழையாது."

மறுநாள் உச்சி வேளை. வீடு காலி. தகரம் நெளிந்தது. மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்க, கழன்று விழுந்த காலுறையை எடுக்கக் குனிந்தாள் ரோமொகெ.

திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள்.

மிகச் சிறியவை. மண் அப்பாதவை. இப்போதுதான் பிறந்த மாதிரி வெளுத்து, சுருங்கி, ஈரமாக இருந்தன. நிற்கவே தெரியாத கால்கள், ஊக்குக்கு நேர் எதிரே, நடுங்கிக்கொண்டு நின்றன.

இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டியிருந்தன.

"இகே?"

அந்தக் கால்களில் ஒன்று, பழைய பழக்கம் போல, காற்றில் ஓர் உதை விட்டது.

மடியில் இருந்தது பால் குடிப்பதை நிறுத்தியது. தலையை மெல்லத் திருப்பி, முதலில் ஊக்கைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது.