காற்றுக்கு வழி

எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் பாயின் ஓரம் மெல்ல எழுந்தது.

பொன்னி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவு சாத்தியிருந்தது. இருந்த ஒரே ஜன்னலும் சாத்தியிருந்தது. சமையல் மேடைக்கு மேலே, சுவரின் உச்சியில், ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தரையோடு கிடக்கும் கோரைப்பாய் எழுவதற்குக் காரணமே இல்லை. ஆனாலும் கீழேயிருந்து யாரோ வாயால் ஊதுவதுபோல அது எழுந்து, கொஞ்சம் நின்று, படிந்தது. பாயில் அவள் மகள் நிவேதா சுருண்டு கிடந்தாள். ஒவ்வொரு மூச்சும் விசிலடித்துக்கொண்டு உள்ளே போனது.

கடல் பக்கம் ஜன்னலே வேண்டாம் என்று கேட்டது ஊர்தான். சுனாமிக்குப் பிறகு எவருக்கும் அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை. வீடு கட்டிக் கொடுத்த ட்ரஸ்ட்காரர்கள் மறுபேச்சில்லாமல் கிழக்குச் சுவரை முழுதாக எழுப்பினார்கள். பக்கச் சுவர் இரண்டும் அடுத்த வீடுகளோடு ஒட்டியவை. மேலே கான்க்ரீட். மழை தொடங்கியதும் ஈரமும் அடுப்புப் புகையும் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றன. எப்போதாவது வந்த இழுப்பு நிவேதாவுக்குத் தினமும் வந்தது. "வீட்டுக்குள்ள காத்து மாறணும்மா. இல்லன்னா இந்த நெஞ்சு தாங்காது" என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டாள். பொன்னி ட்ரஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தித்தான் இந்த ஃபேன் வந்தது.

ஃபேன் வந்த பிறகு நாற்றம் வந்தது.

அன்று காலையில்தான் சூப்பர்வைசர் தமிழ்வேந்தன் பார்க்க வந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கதவத் தொறந்து வெச்சுட்டா போடற?"

"சாத்திட்டுதான் போடறேன். தொறந்தா எதிர்வீட்டு விறகுப் பொகை பூரா உள்ள வருது."

"அப்படித்தான் போடணும். தொறந்து வெச்சா வாசக் காத்தையே இழுத்துத் தள்ளிடும். உள்ள இருக்கற கெட்ட காத்து அப்படியே நிக்கும்."

"சரிங்க. எல்லாத்தையும் சாத்திட்டா, உள்ள வர்ற காத்து எங்கேர்ந்து வருது?"

"சந்து பொந்துலேர்ந்து வரும்."

"தரைலேர்ந்து வருது. சேத்து நாத்தம் அடிக்குது, பாருங்க."

அவன் சிரித்தான். "ஏம்மா, வீடும் குடுத்து ஃபேனும் குடுத்தா, வாசனையும் புடிச்ச மாதிரி வேணுமா? ஜன்னல் வேணாம்னு கைநாட்டு வெச்சது நானா?"

"எந்த உப்புப் பாத்தியத் தூத்து இந்த வீட்டக் கட்டுனீங்க?"

"எந்தப் பாத்தியா இருந்தா உனக்கென்ன? மேல ரெண்டாள் ஒசரம் மண்ணு கெடக்குது. போய்ப் புள்ளையப் பாரு."

அவன் வண்டியை உதைத்துக் கிளப்பிப் போனான். கையிலிருந்த கரண்டியை அந்த முதுகில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. கோபம் விரல்களுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் இருட்டு. ஆரோவில்லுக்கு வேலைக்குப் போன புருஷன் குப்புசாமி இந்த மழையில் சீக்கிரம் திரும்பப்போவதில்லை. பொன்னி மகளை மடியில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினாள். நாற்றம் கூடிக்கொண்டே வந்தது. அது சாக்கடை நாற்றம் இல்லை. உப்புப் பாத்தியின் அடியில் கிடக்கும் கருஞ்சேற்றின் வாடை, வெயிலே படாத சேற்றின் வாடை, அதற்குள் வெற்றிலை போட்ட வாயின் மணமும் நனைந்த பருத்திப் புடவையின் புளித்த மணமும் கலந்திருந்தன. சிமெண்ட் தரையின் விரிசல்களில் உப்புப் பூத்திருந்தது. காலையில்தான் துடைத்திருந்தாள்.

ஃபேன் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

தப். தப். தப்.

பிறகு ஒரு இடைவெளி. பிறகு, தப்.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். அதை அவள் காலே போட்டிருக்கிறது. உப்பு விளையும் காலத்துக்கு முன் பாத்தியின் தரையை மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாய்ச்சிய உப்புநீரை மண் குடித்துவிடும். முன்னால் இருப்பவளின் தோளில் கை வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, ஈரச்சேற்றில் எல்லாரும் மிதித்துப் போவார்கள். வருகிறேன் என்று சொன்னவள் வர நேரமானால் வரிசையில் அவள் இடத்தை அப்படியே விட்டுவைப்பார்கள். வேறு யாரும் அதில் நுழையக்கூடாது. தூரத்தில் வரும்போதே அந்த இடைவெளி காதில் கேட்கும்.

போன மார்கழியில், அந்த ஞாயிற்றுக்கிழமை, வருகிறேன் என்று சொன்னவள் பொன்னி. விடியற்காலையில் நிவேதாவுக்கு இழுப்பு வந்ததால் போகவில்லை. விருத்தாம்பாளும் சின்னப்பாப்பாவும் மற்றவர்களும் பாத்தியில் இறங்கி மிதிக்கத் தொடங்கிய பிறகுதான் தண்ணீர் வந்தது. வரிசையில் ஒருத்தியின் உடலும் கிடைக்கவில்லை. தேடி முடிப்பதற்குள் லாரி லாரியாக மண் வந்து இறங்கியது. வரப்புகள் அழிந்தன. எந்தப் பாத்தி எங்கே இருந்தது என்று அடையாளம் காட்ட எதுவும் மிஞ்சவில்லை.

ரெண்டாள் உயரம் மண். அதன் மேல் வீடு. அதன் மேல் பாய். அதன் மேல் அவள் பிள்ளை.

பொன்னி எழுந்து சுவிட்சை அணைத்தாள். இறக்கைகள் சுற்றி ஓய்ந்தன. சத்தம் ஓயவில்லை. நிவேதாவின் உதடு கறுத்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழுந்தது.

"ம்மா... காத்து..."

மறுபடி போட்டாள். பாயின் ஓரம் எழுந்தது. இந்த முறை படியவில்லை.

தப். தப். தப். இடைவெளி. தப்.

பக்கத்தில். அடுப்பின் அடியில். பிறகு பாய்க்கு அருகில்.

பயம் உச்சிக்கு ஏறிய இடத்தில் கோபம் வெடித்தது. "என்னடி வேணும் உங்களுக்கு? எம்புள்ள மூச்சுலதான் பங்கு கேக்கறீங்களா? மண்ணக் கொட்டி மூடுனவனுங்க வீட்டுக்குப் போங்கடி!"

சத்தம் ஒரு மிதி நேரம் நின்றது. கேட்டுக்கொண்டது. மறுபடி தொடங்கியது.

மூலையில் குப்புசாமியின் கடப்பாரை இருந்தது. அதை எடுத்துக் கிழக்குச் சுவரில் குத்தினாள். ஜன்னல் இல்லாத சுவர். அவளும் சேர்ந்து கேட்டு வாங்கிய சுவர். ட்ரஸ்ட்காரனுக்கு ஒரு குத்து. சிரித்தவனுக்கு ஒரு குத்து. கைநாட்டு வைத்த தன் விரலுக்கு ஒரு குத்து. சிமெண்ட் பொரிபோல உதிர்ந்தது. இதையா வீடென்று கொடுத்தார்கள்? கல் ஒன்று பெயர்ந்து வெளியே விழுந்தது. பிறகு இன்னொன்று.

காற்று வந்தது.

மழையும் கடலும் கலந்த காற்று, குளிர்ந்து, வேகமாக, அவள் முகத்தில் அடித்தது. ஓட்டையில் வாயை வைத்துக் குடித்தாள். அழுதாள். அலைச் சத்தம் கேட்டது. அதைக் கேட்கவும் இப்போது பயமில்லை. இனி இந்த வீட்டில் நல்ல காற்று இருக்கும். டாக்டரம்மா சொன்ன காற்று.

முதுகுக்குப் பின்னால் விசில் நின்றிருந்தது.

நிவேதாவின் மூச்சு சீராக, ஆழமாக, தடையில்லாமல் போய் வந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படி மூச்சுவிட்டதில்லை. பொன்னி கண்ணை மூடி அதைக் கேட்டாள். அதனோடு சேர்ந்து இன்னொன்றும் கேட்டது.

தப். தப். தப். தப். தப்.

இடைவெளி இல்லை.

திரும்பினாள்.

பாய் காலியாக இருந்தது. நிவேதா வீட்டின் நடுவே நின்றிருந்தாள். கண் மூடியிருந்தது. வலது கை முன்னால் நீண்டு, குதிகால் உயர்ந்து, காற்றில் எதன் மேலோ படிந்திருந்தது. ஒரு பெரிய ஆளின் தோள் உயரத்தில். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் தரை ஈரத்தில் கறுத்திருந்தது.

"நிவேதா."

பிள்ளை திரும்பவில்லை. அவள் கவுனின் தோள் துணி விரல் விரலாக ஐந்து இடத்தில் அழுந்தியிருந்தது. ஐந்திலிருந்தும் தண்ணீர் வழிந்தது.

கால் தூக்கினாள். மிதித்தாள். சிமெண்ட் தரைக்குள் கணுக்கால்வரை இறங்கி, கருஞ்சேறு பூசிக்கொண்டு அந்தச் சின்னக் கால் மேலே வந்தது.

அடுத்த மிதிக்கு முழங்கால்வரை போனது.