"சாப்பிட வாங்க" என்றாள் டிவினா

டிவினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆள் நிஜமாகவே சாப்பிட வந்துவிட்டார்!

வாசலோரம் உட்கார்ந்து சாப்பிடும்போது தெருவில் யார் போனாலும், "சாப்பிட வாங்க" என்று கூப்பிட வேண்டும். அவர்களும், "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். வயிறு காய்ந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். டிவினாவுக்குப் பத்து வயது. பேசத் தெரிந்த நாளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். இதுவரை ஒரு ஈ, காக்கைகூட வந்ததில்லை.

இந்த ஆள் செருப்பைக் கழற்றினார். அதோடு விட்டாரா? திரும்பி, "எல்லாரும் வாங்கப்பா, பாப்பா சாப்பிடக் கூப்பிடுது" என்று குரல் வேறு கொடுத்தார்.

தெருமுனையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்னி வண்டி ஒன்று பழுதாகி நின்றிருந்தது. அதன் டிரைவர்தான் அவர், பெயர் கார்டிங். காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போயிருந்தார். பயணிகள் ஆறு பேர் இறங்கி வந்தார்கள். அவர்களில் ஓர் அத்தையின் கையில் உயிருள்ள கோழி ஒன்று இருந்தது.

டிவினா தன் தட்டைப் பார்த்தாள். அதில் இருந்தது சோறும் ஒரு கருவாடும்தான். அடுப்பில் இருந்ததோ அடோபோ. கோழிக்கறியில் வினிகரும் பூண்டும் மிளகும் போட்டு, அம்மா விடியற்காலையில் எழுந்து சமைத்தது. பத்து மாதம் கழித்து அப்பா இன்றைக்குத்தான் கப்பலிலிருந்து வருகிறார். அவருக்கு அடோபோ என்றால் உயிர். அவரைக் கூட்டிவர அம்மா துறைமுகத்துக்குப் போயிருந்தாள். மூடியில் கை வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கூப்பிட்டாயிற்று. இனிமேல் இல்லை என்றால் மானம் போய்விடும். அடோபோவைக் கொடுத்தாலோ, அப்பாவுக்கு வெறும் சட்டிதான் மிஞ்சும். டிவினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அலமாரியைத் திறந்தாள். ஒரு டப்பா மத்தி மீன் இருந்தது. பக்கத்தில் நூல் போல மெல்லிய சேமியா ஒரு கட்டு. கொல்லையில் பீர்க்கங்காய் காய்த்துத் தொங்கியது. இது போதும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் ஏழு பேருக்கும் சூப் ஆகிவிடும்.

பீர்க்கங்காயையும் கத்தியையும் கார்டிங்கிடம் நீட்டினாள். அவர் திகைத்துப் போனார்.

"விருந்தாளிய வேலை வாங்குற வீட்ட இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். ஆனாலும் சீவிக் கொடுத்தார்.

சூப் கொதித்தது. கார்டிங்கின் மூக்கு மட்டும் பக்கத்துச் சட்டியை விட்டு நகரவில்லை. அவர் கை மெல்ல மூடியின் பக்கம் போனது. டிவினா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"அது எங்க அப்பாவுக்கு மாமா. பத்து மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் வராரு. தர முடியாது. மன்னிச்சுக்கங்க."

கார்டிங் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். கோழிக்கார அத்தை எழுந்து வந்து, கோழியோடு அந்தச் சட்டிக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டார்.

எல்லாரும் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே வந்தாள். முன்பின் தெரியாத ஏழு பேர், ஒரு கோழி! அவளுக்கு மயக்கம் வராத குறைதான். நேரே அடுப்புக்கு ஓடி மூடியைத் திறந்தாள். அடோபோ வைத்தபடியே இருந்தது.

பின்னால் வந்த அப்பா பெட்டியைக் கீழே போட்டார். மகளை அள்ளி அணைத்தார். மூக்கை விடைத்து வாசனை பிடித்தார். சூப் சட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கிண்ணம் குடித்தார். இன்னொரு கிண்ணமும் குடித்தார்.

"அடோபோ இருக்குங்க" என்றாள் அம்மா.

அப்பா தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காத. பத்து மாசமா கப்பல்ல தினமும் அடோபோதான். சமையல்காரனுக்கு வேற எதுவுமே தெரியாது."

அம்மா அடோபோ சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கார்டிங்கின் தட்டில் ஒரு கோழிக்காலை வைத்தாள்.

"இந்த சூப்ப யாரு வெச்சது?" என்று அப்பா கேட்டார்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் டிவினாவைக் காட்டினார்கள். அப்பாவின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"நான் கப்பலேறுறப்ப இவளுக்கு அடுப்புப் பத்தவைக்கக்கூடத் தெரியாதே" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

பிறகு கிண்ணத்தை மகளிடம் நீட்டினார். டிவினா சட்டியைச் சாய்த்து, அடியில் இருந்ததை எல்லாம் வழித்து அப்பாவுக்கே ஊற்றினாள்.