டீசலைப் பூட்டிய கை

புயலுக்கு மறுநாள் மத்தியானம் அளவெட்டிக்குப் போனேன். ஊரெல்லாம் கறண்ட் இல்லை. தெருவுக்குத் தெரு வேம்பும் பனையும் விழுந்து கிடந்தன. குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளை ஓட்டியும் உருட்டியும் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. படகு எஞ்சினோ ஜெனரேற்றரோ, நின்றுபோன டீசல் எஞ்சினை ஓட வைப்பதுதான் என் தொழில். அன்று பாதி யாழ்ப்பாணம் என்னைத் தேடியது. அளவெட்டியிலிருந்து தர்ஷிகா போனில் அழுதபடியால் முதலில் அவள் வீட்டுக்குப் போனேன்.

அவளுடைய தகப்பன் கிருபைரட்ணம் ஐயாவுக்கு நுரையீரல் பழுது. ஒக்சிசன் மெஷின் ஓடினால்தான் மூச்சு விடுவார். அந்த மெஷினுக்குக் கறண்ட் கொடுப்பது கிணற்றடிக் கொட்டிலில் இருக்கும் ஜெனரேற்றர். காலையில் நன்றாக ஓடியது, திடீரென்று நின்றுவிட்டதாம். அவசரத்துக்கு வைத்திருந்த சின்னச் சிலிண்டரின் முள் சிவப்புக்குள் இறங்கியிருந்தது. மரங்களை வெட்டி எடுக்கும்வரை அம்புலன்சும் வராது.

ஐயா கட்டிலில் கிடந்தார். எழுப்பி இருத்தவே இரண்டு பேர் வேண்டும். உதடு நீலம் பாரித்திருந்தது.

"கெதியாப் பாருங்கோ ஜெறோம் அண்ணை," என்றாள் தர்ஷிகா.

கொட்டிலுக்குள் பகலிலும் இருட்டு. ஈர மண்ணும் டீசலும் கலந்து மணத்தன. சுவர்ப் பலகையில் டீசல் தாங்கி, அதன் அடியில் எஞ்சினுக்கு டீசல் விடும் ஒரு பித்தளை வால்வு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வால்வு பூட்டிக் கிடந்தது.

"தங்கச்சி, அடுப்பு மூட்டாமல் சோறு வேகுமோ? உந்த வால்வைப் பூட்டி வைச்சுக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்."

"நான் பூட்டேல்லை அண்ணை. ஓடிக்கொண்டிருக்கேக்கை நான் ஏன் பூட்டப்போறன்?"

பயத்தில் தான் செய்ததையே மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் தகப்பனிடம் ஓடினாள்.

டீசல் இல்லாமல் நின்ற எஞ்சின் லேசில் ஸ்டார்ட் வராது. குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும். வால்வைத் திறந்து, பில்டரின் திருகைத் தளர்த்தினேன். நுரைநுரையாகக் காற்று வந்தது. குமிழி ஓய்ந்து சுத்த டீசல் வழிந்ததும் இறுக்கினேன். இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டையும் தளர்த்தி, கைப்பிடியைச் சுற்றி, மிச்சக் காற்றையும் வெளியேற்றினேன். பிறகு நட்டை இறுக்கிவிட்டு, பலம் கொண்ட மட்டும் சுற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் ஒக்சிசன் மெஷின் கூவிவிட்டு ஓடத் தொடங்கியது.

கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி கேட்கத் திரும்பினேன். விமான நிலையம் இருக்கும் பலாலிப் பக்கம் பிளேன் சத்தம் கேட்டது. வெள்ள நிவாரணம் ஏற்றிய பிளேன்கள் காலையிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தன. இது தாழப் பறந்து, கூரைக்கு மேலே வந்தது.

எஞ்சின் இருமியது.

நின்றது.

வால்வு பூட்டிக் கிடந்தது.

கொட்டிலில் நான் மட்டும்தான் நின்றேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரிக்கிற ஆள் நான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. வால்வு தேய்ந்திருக்கும், எஞ்சின் அதிர்வில் தானாகத் திரும்பியிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திருப்பிப் பார்த்தேன். அது நல்ல இறுக்கம்.

"சிலிண்டர் முடியப்போகுது அண்ணை!" உள்ளேயிருந்து தர்ஷிகா கத்தினாள்.

மறுபடி திருகு, மறுபடி நுரை, மறுபடி நட்டு. ஸ்பானர் இரண்டு தரம் கையை விட்டு விழுந்தது. மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே சுற்றினேன். எஞ்சின் ஓடியது. இந்தத் தடவை நான் திரும்பவில்லை. வால்வைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வடக்கே அடுத்த பிளேன் இரைந்தது.

என் கைக்குள் வால்வு அசைந்தது.

இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் உணர்ந்தேன். என் கைக்கும் பித்தளைக்கும் நடுவில் வேறு விரல்கள் இருந்தன. சின்ன விரல்கள். நனைந்து, குளிர்ந்து, அவசரப்பட்டன.

நான் அலறிய அலறலில் தர்ஷிகா ஓடி வந்தாள். வால்வோடு மல்லுக்கட்டும் என் கையைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, மேலே வரும் சத்தத்தைக் கேட்டாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"சண்டை நேரம் இந்த இடத்திலைதான் எங்கடை தண்ணி இறைக்கிற எஞ்சின் நிண்டது," என்று கிசுகிசுத்தாள். "பிளேன் வந்தா அம்மா ஓடிவந்து பூட்டுவா. மேலை இருக்கிறவனுக்கு எஞ்சின் சத்தம் கேக்குமெண்டு அவவுக்குப் பயம். அப்பிடிப் பூட்ட வந்த நேரந்தான் குண்டு விழுந்தது."

எனக்கு அது புதிதல்ல. குருநகரில் நாங்களும் அப்படித்தான் நம்பினோம். குண்டு போடும் பொம்பர் வந்தால் றேடியோவை நிறுத்துவோம், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவோம். அவ்வளவு உயரத்தில் எதுவும் கேட்காது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வால்வு பாதி திரும்பிவிட்டது. எஞ்சின் தடுமாறியது. தர்ஷிகா என் கைமேல் தன் கையை வைத்தாள்.

"அம்மா, உது பொம்பர் இல்லை. சனத்துக்கு அரிசி கொண்டு வாற பிளேன். எஞ்சின் நிண்டா அப்பா செத்துப்போவார். விடுங்கோ அம்மா."

விரல்கள் ஒரு கணம் அப்படியே நின்றன.

பிறகு இல்லை.

வால்வைத் திறந்துவிட்டேன். பிளேன் கூரையை அதிர வைத்துக்கொண்டு கடந்தது. எஞ்சின் நிற்கவில்லை. தர்ஷிகா விம்மி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

அந்த நேரம் வீட்டுக்குள் ஏதோ பாரமாக விழுந்தது.

ஓடினோம். கட்டில் வெறுமையாக இருந்தது. ஐயா கட்டிலுக்கு அடியில், சீமெந்துத் தரையில், பொம்பர் வந்தால் நாங்கள் எல்லோரும் படுத்த மாதிரிக் குப்புறக் கிடந்தார். ஒக்சிசன் குழாய் மூக்கில் ஒழுங்காக மாட்டியிருந்தது. மெஷின் ஓடியது. அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், கடவுளே, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேர்ட்டின் முதுகில், அவரைத் தரையோடு அமுக்கியதுபோல் ஒரு டீசல் கைத்தடம். என் கையில் பாதிதான் இருக்கும். தர்ஷிகா தன் கைகளை விரித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன.

"அப்பா, எழும்புங்கோ. பிளேன் போயிட்டுது."

"மெல்லக் கதை பிள்ளை," என்றார் ஐயா. "இன்னுமொண்டு வருதாம். உங்களையும் கீழை படுக்கட்டாம். உன்ரை அம்மா சொல்லுறா."

கட்டிலுக்கு அடியில் அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. காதைக் கொடுத்தேன். வானத்தில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு வடக்கே மெல்ல இரையத் தொடங்கியது.

ஈரமான சின்னக் கை ஒன்று என் கணுக்காலைப் பிடித்துக் கீழே இழுத்தது.

நான் படுத்துக்கொண்டேன்.