நீர் நிற்கும் நேரம்

மோட்டாரை நிறுத்திய பிறகும் கடல் சாமந்தி அசைந்துகொண்டிருந்தது.

அவன் இடுக்கியைக் கண்ணாடித் தொட்டிக்கு மேலே பிடித்தபடி நின்றான். இடுக்கியின் நுனியில் ஓர் இறால் துண்டு. ஓடும் நீரில் இரை நழுவிப் போய்விடும் என்பதால்தான் மோட்டாரை நிறுத்துவது. நீர் நின்றதும் சாமந்தியின் இழைகள் ஓய்ந்து சரிய வேண்டும், துண்டைத் தொட்டதும் ஒட்டிக்கொள்ள வேண்டும், நடுவில் இருக்கும் வாய்க்கு மெதுவாக மடித்துக் கொண்டுபோக வேண்டும். எல்லாம் முடியப் பத்து நிமிடம் ஆகும். ஐந்து வருடமாக, வியாழனும் ஞாயிறும், அப்படித்தான் நடந்தது. பேர்தான் பூவின் பேர். அது வாயுள்ள உயிர்.

நீரின் மேல் மிதந்த தூசி நின்ற இடத்திலேயே நின்றது. பாறையில் ஒட்டியிருந்த அந்தத் தட்டளவு உடல் மட்டும் மெல்ல உப்பியது, மெல்லத் தளர்ந்தது, தளர்ந்ததன் கடைசியில் சின்னதாக ஒருமுறை இழுத்துக்கொண்டு மறுபடி உப்பியது. துண்டைத் தொட்ட இழைகள் ஒட்டவில்லை. வேண்டாத கையை விலக்குவதுபோல விலகின. இறால் மணலில் விழுந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்து அவன் எண்ணினான். ஒரு நிமிடத்துக்கு இருபத்திரண்டு.

அக்காவுக்கு மூச்சு எண்ண அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எண்ணிக் குறித்துவைப்பான். நல்ல நாளில் அக்காவுக்கு இருபத்திரண்டு.

நுரையீரல் கெட்டுப்போன அக்கா கடைசி எட்டு மாதமும் இந்த அறையில்தான் கிடந்தாள். ஜன்னல் இருந்த பெரிய அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்கு எதிரே கட்டிலைப் போடச் சொன்னவள் அவளேதான். கட்டிலின் தலைமாட்டில் ஆக்ஸிஜன் மெஷின் பகலும் இரவும் முனகிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் குழாய் அவள் மூக்கில். வைத்தியர் அவளுக்கு உப்பைக் குறைத்திருந்தார். “எனக்கு உப்பில்லாத சாப்பாடு, அதுக்கு உப்புத் தண்ணியில விருந்தா?” என்பாள். அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அதையும் விடமாட்டாள். “ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடற. உன் முதுகுக்கும் ஒண்ணு போட்டுக்கடா.”

தாயில்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

அவள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை அவள் மெஷின் மாட்டியிருந்த சுவர் ப்ளக் கருகி நாற்றம் அடித்தது. எலக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் வருவேன் என்றான். ஒரு நாள்தானே என்று, தொட்டியின் மோட்டார் மாட்டியிருந்த நீள ஒயர் பாக்ஸிலேயே அக்காவின் மெஷினையும் அவன் மாட்டினான். அந்தப் பாக்ஸுக்கு ஒரே ஸ்விட்ச். கரண்ட் போனால் கத்த வேண்டிய மெஷின் அது. கத்துவதற்கான பேட்டரி தீர்ந்து இரண்டு மாதம். மாற்றச் சொல்லி மனைவி நினைவுபடுத்தியபடியே இருந்தாள்.

மாலை நான்கு மணிக்கு அவன் இறாலை வெட்டினான். மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஸ்விட்சை அணைத்தான். ஐந்து வருடக் கைப்பழக்கம். கைக்கு அறிவு ஏது?

அறை அமைதியானது. அன்று அது வழக்கத்தைவிடப் பெரிய அமைதி. அது அவனுக்கு உறைக்கவில்லை. அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்று, இறால் மடிந்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் கட்டிலின் கம்பியில் மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் வேண்டும் என்றால் அப்படித்தான் தட்டுவாள்.

“இரு அக்கா,” என்றான். “இது வாயை மூடட்டும்.”

சத்தம் வேகமாகக் கேட்டது. பிறகு விட்டுவிட்டு. பிறகு இல்லை.

அவன் ஸ்விட்சைப் போட்டான். இரண்டு மெஷின்களும் ஒன்றாக முனகத் தொடங்கின. அப்போதுதான் திரும்பினான்.

குழாய் மூக்கிலிருந்து நழுவிக் கழுத்தில் கிடந்தது. அவளே பிடித்து இழுத்திருக்க வேண்டும். வந்த வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, குழாய் கழன்றிருக்கிறது, கவனிக்கவில்லையா என்று கேட்டார். மதியம் தலை வாரிவிட்டுக் குழாயை மாட்டியவள் மனைவி. அவள் முகம் வெளுத்தது. வைத்தியர் போன பிறகு அவனைப் பார்த்துக் கேட்டாள்.

“நான் சரியா மாட்டலையாங்க?”

சரியாகத்தான் மாட்டினாய் என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

“தெரியலையே,” என்றான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போனது. அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். யார் துக்கம் கேட்டு வந்தாலும் நான்தான் மாட்டினேன், நான்தான் மாட்டினேன் என்று சொல்லிச் சொல்லி, வருகிறவர்கள் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தட்டிக்கொடுப்பான். கல்லைப் போட்டவனே காயத்துக்கு மருந்தும் போட்டான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பான். நாளை, நாளை என்று நாள்கள் போயின.

சாமந்தி இறாலை விலக்கிய அந்த வியாழக்கிழமை இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை முப்பது. அடுத்த வியாழன் முப்பத்தெட்டு. அன்று அறையில் உப்பு நீரின் வாடையோடு வேறொரு வாடையும் இருந்தது, சூடான ரப்பரும் தைலமும் வேர்த்த தலையணையும் கலந்தது, மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்ததும் வருவதுபோல நீரின் மேற்பரப்பிலிருந்து எழுந்து அவன் முகத்தில் வந்து படிந்தது. மோட்டாரைப் போட்டதும் வாடை போய்விட்டது. அசைவும் நின்றுவிட்டது. சாமந்தி ஒன்றும் அறியாததுபோல நீரோட்டத்தில் ஆடியது.

அதற்கடுத்த ஞாயிறு எண்ண முடியவில்லை. அவ்வளவு வேகம். எட்டாவது நிமிடத்தில் தடுமாறியது. ஒரு உப்பல். இடைவெளி. ஒரு உப்பல். நீண்ட இடைவெளி. அவன் ஸ்விட்சைத் தேடினான். விரல் வழுக்கியது.

அன்று அவன் பார்க்காமல் விட்ட பத்து நிமிடம். அதைத்தான் சாமந்தி காட்டிக்கொண்டிருந்தது.

மோட்டாரை நிறுத்துவதையே அவன் விட்டுவிட்டான். இரையும் போடவில்லை. மூன்று வாரமாகியும் சாமந்தி வாடவில்லை. தட்டளவு இருந்தது தாம்பாளமானது. தொட்டியை எடுத்துப் போகச் சொல்லி வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் செய்தான். மனைவி வேண்டாம் என்றாள். அக்கா தினமும் பார்த்துக்கொண்டிருந்த தொட்டி, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் வேலை இடத்திலிருந்து மறுபடி போன் செய்து, இரை எடுக்காமலே பெருக்கிறதே என்று அவன் கடைக்காரரிடம் கேட்டதற்கு அவர் சிரித்தார்.

“பட்டினி கிடந்தா சுருங்கணும் சார். பெருக்குதுன்னா, வீட்டுல யாரோ உங்களுக்குத் தெரியாம ஊட்டுறாங்க.”

போனை வைத்த பிறகு அவன் தேய்த்த லென்ஸ் இரண்டும் கோணலாயின. மூன்றாவதை எடுக்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது. சொன்னால் அவள் போய்விடுவாள். போகட்டும். சாப்பிடுவாளே, தூங்குவாளே. முதலாளியிடம் தலைவலி என்றான். நான்கு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தான்.

மோட்டார் சத்தம் இல்லை.

ஜன்னல் திரைகள் மூடியிருந்தன. தொட்டியின் நீல விளக்கு மட்டும் எரிந்தது, அதன் வெளிச்சம் சுவரில் அசையாமல் ஒட்டியிருந்தது. மனைவி தொட்டியை ஒட்டி நாற்காலி போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கையின் சட்டையை மடித்துவிட்டிருந்தாள். கை முழங்கைவரை நீருக்குள். அந்த வாடை அறை முழுக்க நின்றது.

அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. அவன் தரையைப் பார்த்தான்.

“அன்னைக்கு ஸ்விட்சை அணைச்சது நான். மெஷினும் அதுலதான் இருந்துச்சு. மறந்துட்டேன்.”

அவள் திரும்பவில்லை.

“அக்கா தட்டினா. எனக்குக் கேட்டுச்சு. இருன்னு சொன்னேன்.” அவன் குரல் பிசிறியது. “நீ மாட்டினது சரியாத்தான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டான். இரண்டு மாதம் நெஞ்சில் கிடந்தது இவ்வளவுதான். ஏழு சின்ன வாக்கியம். அழுவாள், கத்துவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று காத்திருந்தான். எறிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்,” என்றாள். கோபமில்லை. பந்தி முடிந்த பிறகு வந்தவனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“கையை எடு,” என்றான். “மோட்டாரைப் போடறேன்.”

“உங்ககிட்ட அது இரை வாங்கல, இல்ல? மணல்ல கிடந்த துண்டைப் பார்த்தேன். என்கிட்ட வாங்குச்சு. இறால் இல்ல. இறாலை நானும் போட்டுப் பார்த்தேன், தொடல.” அவள் மெல்ல எழுந்தாள். “குழாயை மாட்டின கை இதுதானேன்னு நீட்டினேன். தினமும் மதியம். வலிக்கலைங்க. முதல் நாள் மட்டும் கொஞ்சம் சுருக்குன்னுச்சு.”

அவன் தொட்டியைப் பார்த்தான்.

பாறை தெரிந்தது. மொட்டைப் பாறை. சாமந்தி ஒட்டியிருந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம். மணலில் இல்லை. கண்ணாடியில் இல்லை. எந்த மூலையிலும் இல்லை.

அவள் கையை வெளியே எடுத்தாள்.

நீர் சொட்டியது. மணிக்கட்டுவரை அவள் தோல். அதற்குக் கீழே வெளிர் பழுப்பு. நகங்கள் இல்லை. விரல்கள் நுனியில் மெலிந்து, நீண்டு. ஐந்துக்கு மேல். அவன் எண்ணத் தொடங்கி நிறுத்தினான்.

மின்விசிறி ஓடவில்லை. காற்று இல்லை. அவை ஆடின.

“பசிக்குதுங்க,” என்றாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாக.

விரல்கள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்பி விரிந்தன. உள்ளங்கையின் நடுவில், மெதுவாக, வாய் திறந்தது.