இடப்பக்கம் சுற்றிய முறுக்கு

கொமுட்டர் ரயில் கிள்ளான் ஸ்டேஷனில் நின்றபோது மணி மூன்று. வானம் மூடியிருந்தது. எனக்கு முழங்கால் வலி. ஐம்பத்தொன்பது வயதில் உனக்கு இது தேவையா, கெர்ட்ரூட் என்று என்னையே கேட்டுக்கொண்டு படியிறங்கினேன். தேவையில்லைதான். ஆனால் பையில் தாமரை என்ற பத்து வயதுப் பிள்ளையின் பள்ளிக்கூட ஃபாரம் இருந்தது. திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அதைக் கொடுக்கவில்லை என்றால் இந்த வருஷம் போய்விடும்.

சனிக்கிழமைகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் சர்ச் ஹாலில் ஒரு மேசை போட்டு உட்காருவேன். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். கோவிலில் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுத் தாலி கட்டுவார்கள். கோவிலில் கொடுக்கும் ரசீதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அதுதான் கல்யாணப் பத்திரம் என்று நம்புவார்கள். பதிவு அலுவலகத்துக்குப் போவதற்கு மட்டும் ஒரு காலை நேரம் கிடைக்காது. பிள்ளை பிறந்த பிறகு, அப்பா எங்கோ போன பிறகு, அந்த ரசீதைச் சுவரிலிருந்து கழற்றி என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பத்திரம் இல்லை என்றால் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. பத்து வயதுப் பிள்ளை பகல் முழுக்க வீட்டில் சும்மா இருக்குமா? யாராவது ஒரு நல்லவர் வந்து வேலை கொடுத்துவிடுவார்.

குழந்தைத் தொழிலாளர்கள், காரணங்களும் தீர்வுகளும் என்று கருத்தரங்கு வைப்பார்கள். நான் மூன்றுக்குப் போயிருக்கிறேன். தேநீரோடு தரும் காரிபாப் நன்றாக இருக்கும். வறுமை என்பார்கள், குடி என்பார்கள், சட்டம் என்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட ஆபீஸ் வரைக்கும் நடக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு யாரும் கை தூக்கமாட்டார்கள்.

தாமரையின் அப்பா அய்யாவு லோரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அம்மா போய் நான்கு வருஷம். பிள்ளை கிள்ளானில் லோகேஸ்வரி என்பவரின் இடத்தில் முறுக்கு சுற்றப் போகிறாள். போன சனிக்கிழமை அய்யாவு, பத்திரம் இல்லாத பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் சேர வழி தரும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். பிள்ளையின் பெயரை நான்தான் கறுப்புப் பேனாவில் எழுதினேன்.

"ஓனரம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க ஆன்டி," என்றார். "கால எடுத்தப்ப ஆஸ்பத்திரிக்கு அவங்க காடியிலதான் போனேன். நன்றி இல்லாதவன்னு நெனச்சிடப் போறாங்க."

அதற்காகத்தான் இந்த வெள்ளிக்கிழமை.

பழைய மாடிக்கடை. கீழே குடையும் செருப்பும் விற்கும் கடை. பக்கத்தில் மரப்படிக்கட்டு, பகலிலும் விளக்குப் போடவேண்டிய இருட்டு. சுவரில் எண்ணெய் படிந்து கை வைத்தால் ஒட்டியது. சீரகமும் எள்ளும் சூடான எண்ணெயும் சேர்ந்த வாசனை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். அந்த வாசனை எனக்குப் பிடிக்கவேண்டும். அன்றைக்கு ஏனோ பிடிக்கவில்லை.

லோகேஸ்வரி அடுப்பருகில் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். என்னைப் போலவே களைத்த முகம். விஷயத்தைச் சொன்னேன்.

"கூட்டிட்டுப் போங்கக்கா. நான் என்ன புடிச்சா வெச்சிருக்கேன்? வீட்டுல தனியா கெடந்தா கெட்டுப்போயிடும்னுதான் இங்க உக்கார வெச்சேன். வேளைக்குச் சோறு போடறேன் லா."

எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். பாதி உண்மையும்கூட. அதனால்தான் சண்டை போட முடிவதில்லை.

சுவரோரம் தட்டுகளில் முறுக்கு காய்ந்துகொண்டிருந்தது. கைமுறுக்கு. என் அம்மா சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். யார் சுற்றியது என்று பார்த்தாலே தெரியும். வலதுகைக்காரர் சுற்றினால் சுற்று ஒரு பக்கம் போகும், இடதுகைக்காரர் சுற்றினால் அதற்கு எதிர்ப்பக்கம். இங்கே ஒரு தட்டு வலம், அடுத்த தட்டு இடம். இரண்டிலும் முறுக்கல் நெருக்கமாக இருந்தது. சின்ன விரல்கள்.

"ரெண்டு புள்ளைங்க சுத்துதா?"

"ஒண்ணுதான்," என்றார், கடாயைப் பார்த்தபடி. "உள்ள இருக்கா. போய்ப் பாருங்க."

உள்ளறையில் ஒரு ஜன்னல்தான். தாமரை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஈர வெள்ளைத்துணி, அதில் வரிசையாக முறுக்கு. அவளுக்கு எதிரே இன்னொரு மணை. அதன்முன் இன்னொரு துணி. மணையில் யாரும் இல்லை.

"இந்த வரிசைய முடிச்சிட்டு வரேன் ஆன்டி. பாதியில விட்டா மாவு காஞ்சிடும்."

சரி என்று பையைத் தரையில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அப்போது மழை பிடித்தது. தகரக்கூரையில் அடித்த அடியில் வேறெதுவும் கேட்கவில்லை. அறை இருண்டது.

எதிர்த்துணியில் பாதி சுற்றிய முறுக்கு ஒன்று கிடந்தது. இரண்டு சுற்று.

கைக்குட்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். மறுபடி பார்த்தேன்.

மூன்று சுற்று.

தாமரை தன் துணியை விட்டு அசையவில்லை. அவள் இரண்டு கைகளும் அவள் மடிக்கு நேராகத்தான் இருந்தன.

வயசாகிவிட்டது, கண்ணாடியை மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். மாவு ஒரு நூல் அளவு நீண்டது. முறுக்கிக்கொண்டது. இடப்பக்கமாக வளைந்தது. ஈரத்துணியில் விரல் தட்டும் மெல்லிய சத்தம், மழைக்கு நடுவிலும் கேட்டது.

தட். தட்.

எண்ணெய் வாசனையோடு வேறொரு வாசனையும் சேர்ந்தது. கருகிய முடியின் வாசனை.

"தாமரை," என்றேன். "அங்க யாரும்மா?"

"ரமணி அக்கா," என்றாள், தலை நிமிராமல்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மலர் என்று ஒரு பெண், மகளோடு என் மேசைக்கு வந்தாள். கையில் கண்ணாடி போட்ட கோவில் ரசீது. புருஷன் விஜயன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. நானும் மலரும் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை என் பென்சிலை எடுத்து, ஃபாரத்தில் பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டாள். இடது கையில், தமிழில், நாக்கைக் கடித்துக்கொண்டு. எழுதி முடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுல தமிழ்ல எழுதக்கூடாது. பென்சில்ல எழுதக்கூடாது," என்று ரப்பரை எடுத்து அழித்தேன். அன்றைக்கு எனக்குப் பசி. வரிசையில் இன்னும் ஒன்பது பேர். "அப்பா இல்லாம ஒண்ணும் ஆகாது. ஆளத் தேடிப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்," என்று மலரிடம் சொல்லி அனுப்பினேன். வேறு வழிகள் இருந்தன. நான்கு இடத்துக்கு அலையவேண்டும். எனக்குச் சலிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து மலர் போன் செய்தாள். முறுக்கு சுடும் இடத்தில் எண்ணெய்க் கடாய் சாய்ந்துவிட்டது என்றாள். ரமணிக்குப் பன்னிரண்டு வயது. நான் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. அடக்கத்துக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அந்த ஃபாரத்தை மேசை டிராயரில் அடியில் தள்ளி வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"பயப்படாதீங்கக்கா." வாசலில் லோகேஸ்வரி நின்றிருந்தார். "அது ஒண்ணும் பண்ணாது. வேல மட்டும்தான் செய்யும்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"போகச் சொல்லலயா நீங்க? ஒரு பூசாரியக் கூப்பிட்டு…"

"மொத வருசம் கூப்பிடலாம்னு நெனச்சேன்." அவர் மணையைப் பார்த்தார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அலுப்புதான் இருந்தது. "அப்புறம் தீபாவளி வந்துடுச்சு. முறுக்கு சுத்த ஆள் கெடைக்கல."

அதைவிடப் பயங்கரமான ஒன்றை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

தாமரையின் கையைப் பிடித்து இழுத்தேன். பையை வாரிக்கொண்டேன். வாசலில் அவள் நின்று திரும்பினாள்.

"வரேன்க்கா."

தட்டும் சத்தம் நின்றது.

மழை மட்டும் பெய்தது. நாங்கள் படியிறங்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. தெருவுக்கு வந்த பிறகு, மேல் ஜன்னலிலிருந்து மறுபடி தொடங்கியது. தட். தட். முன்னைவிட வேகமாக. இப்போது இரண்டு பேர் வேலையும் அவள்தானே செய்யவேண்டும்.

பிள்ளையை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கே தொழிலாளர் இலாகாவுக்குப் போன் அடித்து எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், சொல்லக்கூடியதை. பையைத் துடைக்கும்போது அதன் வாய் ஓரத்தில் மாவு ஒட்டியிருந்தது. நான்கு விரல் தடம், சின்னது. தாமரையுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு இரண்டு சடை பின்னி, கடன் வாங்கிய சீருடை போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். துணைத் தலைமையாசிரியர் வாசு நல்ல மனிதர். ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"தாமரைன்னு சொன்னீங்களே டீச்சர்?"

நான் டீச்சர் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஃபாரத்தில் அய்யாவு போட்ட கையெழுத்து இருந்தது. முகவரி இருந்தது. நான் பேனாவில் எழுதிய எல்லாம் இருந்தது, பெயர் மட்டும் இல்லை. அந்த இடத்தில் பென்சிலில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில், தமிழில், ரமணி.

"வேற ஃபாரம் இருக்கா சார்?"

"இருக்கு. ஆனா அப்பா கையெழுத்து வேணுமே. இப்பவே பதினொன்றரை."

அய்யாவு இருப்பது கேரி தீவில், தங்கை வீட்டில். போய்வர இரண்டு மணி நேரம். சார் ரப்பரை எடுத்து என் முன்னால் வைத்தார். அவருக்கு அது ஒரு சின்னத் தவறு. என் கை ரப்பருக்குப் போய், நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்கிறாள், உயிரோடு, சீருடையில். அவளுக்காக இன்னொருத்தியின் பெயரை நான் அழிக்கவேண்டும். மறுபடியும். அதே நான்.

கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

தாமரை என் சட்டைக் கையைத் தொட்டாள். காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அழிங்க ஆன்டி. அக்கா கோவிச்சுக்க மாட்டா. அவளுக்குப் பழகிடுச்சு."

அழித்தேன். ரப்பர் தூளோடு வெள்ளையாக வேறெதுவோ உதிர்ந்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன். அரிசிமாவு. அந்த இடத்தில் தாமரை என்று ரூமியில், ஆங்கில எழுத்தில், எழுதினேன். வாசு சார் முத்திரை குத்தினார். பிள்ளை வகுப்புக்கு ஓடிப்போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படித்தான் போகவேண்டும்.

அந்த வாரமே அதிகாரிகள் போய் லோகேஸ்வரியின் இடத்தைப் பூட்டினார்கள். சாயங்கால நேரத்தில் மேலேயிருந்து சீரக வாசனை வருகிறது என்று கீழே குடைக்கடைக்காரர் யாரிடமோ சொன்னாராம்.

நான் டிராயரிலிருந்து ரமணியின் பழைய ஃபாரத்தை எடுத்தேன். ஆறு வருஷம் முன்னால் அலைந்திருக்கவேண்டிய நான்கு இடத்துக்கும் இப்போது அலைந்தேன். மலரைத் தேடிக் கையெழுத்து வாங்கினேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கடைசிக் கவுண்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் பரிவாகவே கேட்டாள்.

"எல்லாம் சரி ஆன்டி. பிள்ளைய கூட்டிட்டு வந்தீங்களா?"

போன சனிக்கிழமை மேசையில் உட்கார்ந்தேன். முதல் ஆளாக ஓர் அம்மா, கையில் ஏழு வயதுப் பையன், இன்னொரு கையில் கோவில் ரசீது. புது ஃபாரக் கட்டு, பிளாஸ்டிக் உறையை நானே கிழித்தேன். மேலே இருந்ததை எடுத்தேன்.

பெயர் எழுதும் இடத்தில் பென்சில் எழுத்து. இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அடுத்ததை எடுத்தேன். அதற்கடுத்ததை. கட்டு முழுக்க.

"என்ன ஆன்டி, ஃபாரம் இல்லையா?" என்றாள் அந்த அம்மா. "நாளைக்கு வரவா?"

"வேணாம். உக்காருங்க," என்றேன். "இன்னிக்கே முடிச்சிடலாம்."

ரப்பரை எடுத்தேன்.